மழை விடுமுறையும் வீட்டுக்குள் இரண்டு பையன்களும்: காலை முதல் இரவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், டிசம்பர் முடியும்வரை சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் பெற்றோரின் ஒரு கண் செய்தித் தொலைக்காட்சியிலேயே இருக்கும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்ற சொல் காதில் விழுந்ததும், கலெக்டர் விடுமுறை விடுவாரா என்று பிள்ளைகள் நம்மைவிட ஆவலாகக் காத்திருப்பார்கள். அறிவிப்பு வரும். பையன்கள் கட்டிலில் ஏறிக் குதிப்பார்கள். அந்தக் குதிப்பு இரவு படுக்கும்வரை ஓயாது என்பதைத்தான் நாம் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு வயதிலிருந்து ஒன்பது, பத்து வயதுவரை உள்ள துறுதுறுப்பான பையன்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எட்டு வயதில் ஒருவன், ஐந்து வயதில் ஒருவன். ஓடியாடும் பெண் பிள்ளைகள் உள்ள வீட்டிலும் இதில் எதையும் மாற்றாமல் செய்யலாம்.

மழை நாள் என்றதும் பலர் கலர் பென்சிலையும் புதிர்ப் புத்தகத்தையும் எடுத்து வைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பென்சில் ஈட்டியாகிவிடும், புத்தகம் கேடயமாகிவிடும். வழக்கமான நாளில் பள்ளி இடைவேளையிலும் மாலைத் தெருவிலும் ஓடிச் செலவழிக்கும் தெம்பு முழுவதும் அன்று செலவாகாமல் உடம்பிலேயே நிற்கிறது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3, 4 வயதுக்காரர்களுக்கு நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடம் வேகமான ஆட்டம். மழை பெய்கிறது என்பதற்காக அந்த உடம்பு விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அன்றைய நாளை இப்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: முதலில் உடம்புக்கு வேலை, பிறகு கைக்கு வேலை, அதற்குப் பிறகே மூளைக்கு வேலை. இந்த வரிசை மாறினால் எவ்வளவு நல்ல விளையாட்டும் எடுபடாது. மற்றதெல்லாம் நம் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடியவை.

முதல் படி: ஹாலைக் காலி செய்யுங்கள்

கண்ணாடி வைத்த டீப்பாய் இருந்தால் அதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மழைக்காலத்தில் ஹாலின் பாதியை ஈரத்துணிக் கொடி பிடித்துக்கொள்ளும். ஒன்று அதைப் பெரியவர்கள் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள், இல்லையென்றால் துணிகளை ஓர் அறைக்குள் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பையனின் கழுத்து உயரத்தில் கயிறு தொங்கும் ஹாலில் ஓட்டப்பந்தயம் கூடவே கூடாது.

அடுத்தது தரை. ஈரப்பதம் ஏறிய நாளில் டைல்ஸ் தரை வழுக்கும், சாக்ஸ் போட்ட கால் இன்னும் வழுக்கும். வெறுங்காலோடு ஆடச் சொல்லுங்கள். வாசலில் குடையும் செருப்பும் சொட்டும் இடத்தில் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள். சன்னலையும் பால்கனிச் சுவரையும் ஒட்டி நாற்காலி, கட்டில் எதுவும் கிடக்க வேண்டாம். ஐந்து வயதுக்காரன் எதன்மேல் ஏறுவான் என்று யோசிக்காதீர்கள், எல்லாவற்றின்மேலும் ஏறுவான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பத்து மணி முதல் பன்னிரண்டு மணிவரை கொஞ்சம் சத்தம் இருக்கும், மதியம் இருக்காது என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் குதித்தால் பதினைந்தாவது நிமிடத்தில் மணி அடிக்கும். கட்டில் மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டுவிட்டால் குதிக்கிற சத்தமும் பாதியாகக் குறையும், விழுந்தாலும் அடிபடாது. மெத்தையைக் கீழே இறக்குவதே பையன்களுக்குப் பத்து நிமிட வேலை, அதை அவர்களிடமே விடுங்கள்.

இரண்டாம் படி: காலை முழுவதும் உடம்புக்கு

சிற்றுண்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். நான் முதலில் வைப்பது தடைப் பாதை. இதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை, வீட்டில் இருப்பதே போதும். எங்கள் ஹாலில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: சமையலறை வாசலில் புறப்பாடு. சாப்பாட்டு மேசை நாற்காலிகள் மூன்றின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து வெளியே வர வேண்டும். அங்கிருந்து தலையணைத் தீவுகள், தரையில் கால் பட்டால் முதலை கடித்துவிடும். பிறகு தரையில் ஒட்டிய டேப்பின்மேல் அடிமேல் அடி வைத்து நடை, வாயில் கவ்விய ஸ்பூனில் எலுமிச்சம்பழம், விழுந்தால் டேப்பின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசியில் ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நண்டு நடையாகச் சமையலறை வாசலுக்குத் திரும்ப வேண்டும். பாக்கெட்டைப் பழைய துணிப்பையில் போட்டு முடிச்சிடுங்கள். ஏன் என்று கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அண்ணனையும் தம்பியையும் எதிரெதிராக ஓடவிட்டால் மூன்றாவது சுற்றில் அழுகை. இரண்டு பேரையும் கடிகாரத்துக்கு எதிராக ஓடவிடுங்கள். ஒவ்வொருவனுக்கும் முதல் சுற்றில் எத்தனை நொடி ஆனது என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த சுற்றில் அவன் முறியடிக்க வேண்டியது தன் நேரத்தைத்தான். சிறியவன் 70 நொடியிலிருந்து 61 நொடிக்கு இறங்கும்போது பெரியவன் கைதட்டுவான், ஏனென்றால் அதில் அவனுக்கு எந்த இழப்பும் இல்லை. சலிக்கத் தொடங்கும்போது பாதையை மாற்றி அமைக்கும் பொறுப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஓடியதைவிடக் கட்டிய நேரம் அதிகமாக இருக்கும், நமக்கு ஒரு காபி கிடைக்கும்.

கல்லா மண்ணா தெருவில் ஆடுகிற ஆட்டம்தான், ஆனால் ஹாலுக்குள்ளும் அழகாகப் பொருந்தும். பாய்கள் கல், வெறுந்தரை மண். பிடிப்பவனிடம் மற்றவர்கள் “கல்லா? மண்ணா?” என்று கேட்பார்கள். அவன் கல் என்றால் பாயெல்லாம் அவன் ராஜ்ஜியம், அதில் கால் வைப்பவனை அவன் தொடலாம். மற்றவர்கள் அவனைச் சீண்டிக்கொண்டே அவன் எல்லைக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். பாய் நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஆட்டம் சுரத்தில்லாமல் போகும். மூன்றாவதாக நீங்கள் சேருங்கள், அல்லது மாடியில் இருக்கும் வேறொரு பையனைக் கூப்பிடுங்கள். அன்று அந்த வீட்டிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி மல்யுத்தம். பல அம்மாக்களுக்கு இது பிடிக்காது. நாம் வேண்டாம் என்றாலும் அவர்கள் கட்டிப் புரளத்தான் போகிறார்கள், அதைச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே செய்வதைவிட மெத்தைமேல் விதியோடு செய்வது மேல் என்பது என் கட்சி. விதிகள் குறைவாக இருக்க வேண்டும். மெத்தைக்கு வெளியே ஆட்டம் கிடையாது. முட்டி போட்டுத்தான் பிடிக்க வேண்டும், நிற்கக் கூடாது. கழுத்து, முடி, விரல், இந்த மூன்றையும் தொடக் கூடாது. யாராவது “போதும்” என்றால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். எடுக்காதவனுக்கு அன்று மல்யுத்தம் முடிந்தது, அதில் பேச்சு வார்த்தையே இல்லை. வயது வித்தியாசம் அதிகம் என்றால் அண்ணன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும். அப்பா வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் ஒரே அணி, அப்பா எதிரணி. இதைவிடச் சீக்கிரமாகத் தெம்பைக் கரைக்கும் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. தெம்பு கரைவது பெரும்பாலும் அப்பாவுக்கு.

கிரிக்கெட் இல்லாமல் தமிழ்நாட்டுப் பையனின் நாள் முடியாது. ஜோடி தொலைந்த சாக்ஸுக்குள் பழைய துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால் பந்து. பத்துப் பதினைந்து செய்தித்தாள்களைச் சேர்த்து இறுக்கிச் சுருட்டி டேப் சுற்றினால் மட்டை. பந்தை உருட்டித்தான் போட வேண்டும். அடித்த பந்து இடுப்புக்கு மேல் எழும்பினால் அவுட். சுவரில் பட்டால் இரண்டு ரன், சோபாவுக்கு அடியில் போனால் நான்கு. தொலைக்காட்சிப் பெட்டியின்மீது பட்டால் அன்றைய ஆட்டம் கைவிடப்படுகிறது, மழையால் அல்ல என்று அறிவித்துவிடலாம்.

மூன்றாம் படி: சமையலறைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்

பதினொன்றரை மணிவாக்கில் ஆட்டம் தானாகவே தளரும், பசி தொடங்கும். வீட்டில் அடைந்து கிடக்கும் நாளில் பிள்ளைகள் அரைமணிக்கு ஒரு முறை சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள். விரட்டுவதைவிட வேலை கொடுப்பது சுலபம். அதிலும் கைக்கு அழுத்தம் கொடுக்கும் வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். சப்பாத்தி மாவு பிசைவது, வேகவைத்த உருளைக்கிழங்கை மசிப்பது, தேங்காய்த் துருவலைப் பிழிந்து பால் எடுப்பது, பச்சைப் பட்டாணி உரிப்பது போன்றவை. தள்ளுவது, அழுத்துவது, பிழிவது ஆகிய வேலைகளுக்குப் பிறகு இந்தப் பையன்கள் சற்று அடங்குவதை நீங்களே கவனிக்கலாம்.

சப்பாத்தி மாவில் ஆளுக்கு இரண்டு உருண்டை கொடுத்து, வட்டமாக வராத சப்பாத்தியை எந்த நாடு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இலங்கை சுலபமாக வரும். பஜ்ஜிக்கு மாவு கரைப்பதும் வாழைக்காயில் தோய்ப்பதும் அவர்கள் வேலையாக இருக்கலாம். எண்ணெய்ச் சட்டி அருகே மட்டும் ஒரு டேப் கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று வைத்துவிடுங்கள். மழைக்குப் பஜ்ஜிதான் என்றாலும் வேகவைத்த வேர்க்கடலைக்கு ஒரு கூடுதல் தகுதி உண்டு. தோடு உடைத்துத் தின்ன நேரமாகும், கை இரண்டும் அதில் இருக்கும், இருபது நிமிடம் அமைதி.

நான்காம் படி: மழையையே வேலையாக்குங்கள்

சன்னலுக்கு வெளியே இவ்வளவு பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கும்போது திரையைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை வேறு எதையோ பார்க்கச் சொல்வது வீண். எட்டு வயதுக்காரனைப் பொறுத்தவரை மழைமானிக்கு ஈடாக எதுவும் இல்லை.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் உள்ள, பக்கங்கள் நேரான ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் நீங்கள் வெட்டிக் கொடுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அது புனல், விழுந்த துளி தெறித்து வெளியே போகாது. அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். எனவே நான்கு கூழாங்கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் மட்டம்தான் பூஜ்ஜியம். அங்கிருந்து மேலே பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை டேப்பால் ஒட்டிவிடுங்கள். கற்கள் இருப்பதால் காற்றுக்குக் கவிழாது. மழை விட்ட நேரத்தில் பெரியவர் ஒருவர் மொட்டைமாடியில் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் வைத்துவிட்டு வரட்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியை எல்லையாக வைத்து 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. உங்கள் பையனும் மறுநாள் 8.30க்கே அளக்கட்டும். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5க்குப் போனால் அதிகனமழை என்பது துறையின் வகைப்பாடு. செய்தியில் நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் எவ்வளவு என்று சொல்லும்போது, நம் மாடியில் எவ்வளவு என்ற ஒப்பீட்டுக்குப் பையன் தயாராக இருப்பான். சில மில்லிமீட்டர் வேறுபடும், வேறுபடத்தான் வேண்டும். ஒரே ஊரில் ஒரு தெருவில் கொட்டிவிட்டு அடுத்த தெருவில் தூறும் மழைதானே இது.

கணக்குப் பிடித்தவன் என்றால் இதையும் சொல்லுங்கள்: ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பான். 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் குழாயைச் சன்னல் வழியாகத் தேடிப் பிடித்து, அது கிணற்றுக்குப் போகிறதா சாக்கடைக்குப் போகிறதா என்று துப்பறிய அவனை விடுங்கள். பதில் உங்களுக்குச் சங்கடமாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் எடுபட்ட இன்னொன்று அளவு நாடா. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. சுவரில் தரையிலிருந்து 49 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னோம். சிறியவன் போய் ஒட்டி நின்றால் கோடு அவன் முழங்காலுக்கு மேலே இருந்தது. ஒரு நாள் மழை ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் இவ்வளவு என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அப்படியென்றால் வீடுகளில் ஏன் அதைவிட அதிகமாக ஏறியது என்று பெரியவன் கேட்டான். மேட்டில் விழுந்ததும் ஏரியிலிருந்து வந்ததும் பள்ளத்துக்குச் சேர்ந்துவிடும் என்பதை ஒரு தாம்பாளத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் போதும்.

இடி இருந்தால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணட்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் மின்னல். இது பயத்தைக் கணக்காக மாற்றிவிடும், இடிக்கு நடுங்கும் சிறுவனுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. எண்ணிக்கை 30க்குள் இருந்தால் மாடிக்குப் போகக் கூடாது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

காகிதக் கப்பலைத் தெருத் தண்ணீரில்தான் விட வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். நகரத்து மழைத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மூடி திறந்த பாதாளச் சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குளியலறையில் ஒரு பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து வையுங்கள். சாதாரணக் கப்பல், கத்திக் கப்பல், ஓட்டல் பொட்டலத்தின் அலுமினியத் தாளில் செய்த கப்பல் என்று மூன்று செய்து, ஒவ்வொன்றும் எத்தனை ஒரு ரூபாய் நாணயம் தாங்குகிறது என்று பந்தயம் வையுங்கள். அடிப்பகுதி அகலமாக, சுவர் உயரமாக இருக்கும் கப்பல்தான் அதிகம் தாங்கும். அதை அவர்களே நான்காவது கப்பலில் கண்டுபிடிப்பார்கள், முன்கூட்டியே சொல்லிக் கெடுக்காதீர்கள். மிகச் சிறிய குழந்தை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்த கையோடு கூடையைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மதியம், உட்கார்ந்து ஆடுபவை

உடம்பு ஓடிக் களைத்து, வயிறும் நிறைந்த பிறகு உட்காரும் ஆட்டங்களுக்கு மதிப்பு வரும். கீழ்வீட்டில் மதியத் தூக்கமும் நடக்கும்.

தொடக்கத்துக்கு நூறாங்குச்சி. புதிய தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, ஒன்றை மட்டும் சற்று நீளமாக வையுங்கள். எல்லாவற்றையும் கையில் பிடித்துத் தரையில் விட்டால் குவியலாக விழும். மற்றவை அசையாமல் ஒவ்வொரு குச்சியாக எடுக்க வேண்டும். சின்னக் குச்சிக்கு 10, நீளக் குச்சிக்கு 100. பக்கத்தில் யாராவது தும்மினாலும் குச்சி ஆடிவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாம் “சத்தம் போடாதே” என்று சொல்ல வேண்டிய வேலையை ஆட்டமே செய்துவிடும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

தாயம் ஆட வேண்டும் என்றால் காய் செய்வதிலிருந்தே தொடங்கலாம். ஆறு புளியங்கொட்டைகளைச் சொரசொரப்பான சிமென்ட் படியிலோ அம்மியிலோ ஒரு பக்கம் மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தால் கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும், அதை ஒருவன் மற்றவன் கையில் வைத்துக் கத்தவைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், அது விழாமல் காயை இறக்க முடியாது. எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் உண்டு, எந்தக் கட்டம் மலை, வெட்டுப்பட்டவன் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்கள் வீட்டு விதியையே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள், அரைமணி நேரம் விளக்குவார்கள், அதுவும் பொழுதுபோக்குதான்.

பெரியவனுக்கு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. தாண்டி விழுங்குவது புலியின் வேலை, சூழ்ந்து அடைப்பது ஆடுகளின் வேலை. முதலில் எல்லோரும் புலியாகத்தான் இருக்க விரும்புவார்கள். ஆட்டுக்காரன் ஒரு முறை புலியை மூலையில் மடக்கிவிட்டால் அதற்குப் பிறகு ஆட்டுக்குத்தான் போட்டி. பல்லாங்குழிக்குப் பலகை இல்லாவிட்டால் சாக்பீஸால் பதினான்கு வட்டம் போட்டால் சரி. கேரம் பலகை இருக்கும் வீடுகளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, மழைக்காலத்தில் கேரம் மாவு கட்டிதட்டும் என்பதைத் தவிர. டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள்.

புத்தகக் கிரிக்கெட்டுக்கு ஒரு பத்தி தனியாகத் தர வேண்டும். பக்கம் அதிகமுள்ள ஒரு பழைய புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்க வேண்டும். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை என்பதால் 2, 4, 6 ரன்கள் வரும், 0 வந்தால் அவுட். 8 வந்தால் ஒரு ரன்னா, ஒன்றுமே இல்லையா என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். பாதியில் முடிவு செய்ய நினைத்தால் அது கிரிக்கெட் வாரியக் கூட்டமாகிவிடும். பதினொரு பேர் கொண்ட அணியை எழுதி, ஆளாளுக்கு ரன் கூட்டி, மொத்தம் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் போகும். கூட்டல் கணக்கு நோட்டைக் காட்டினால் ஓடுகிறவன் இதில் மூன்றிலக்க எண்களைத் தானாகக் கூட்டுவான்.

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டுக்கு ஐந்து பேர் வேண்டும், அன்று வீட்டில் அத்தனை பேர் இருந்தால் ஆடுங்கள்.

ஆறாம் படி: மின்சாரம் போனால்

பலத்த காற்று வீசும்போது பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், எனவே இதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தியை ஓடும் பையன்கள் உள்ள ஹாலில் வைக்காதீர்கள். இரண்டு டார்ச் தயாராக இருக்கட்டும்.

நான்கு நாற்காலிகளின் முதுகை ஒன்றையொன்று பார்க்க வைத்து, பழைய பருத்திப் புடவையை மேலே போட்டு, துணிக் கிளிப்பால் கவ்வினால் கூடாரம். பட்டோ செயற்கை இழையோ வேண்டாம், வழுக்கி விழும். உள்ளே டார்ச்சை வைத்துவிட்டால் புடவையே திரையாகிவிடும். பிஸ்கட் அட்டையில் யானை, குதிரை, பத்துத்தலை ராவணன் எல்லாம் வெட்டி, ஈர்க்குச்சியில் ஒட்டி, தோல்பாவைக்கூத்து நடத்தலாம். அட்டை திரையை ஒட்டி இருந்தால் நிழல் கூர்மையாக, விளக்கை நோக்கி நகர்த்தினால் பூதாகாரமாக வரும். சிறியவன் ராவணனை டார்ச்சுக்கு அருகே கொண்டுபோய்ப் பெரிதாக்குவதிலேயே ஒரு காட்சி முழுவதையும் ஓட்டிவிடுவான். கதை நகரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், பார்ப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

இரண்டு காகிதக் கோப்பை, பத்தடி நூல் இருந்தால் தொலைபேசி. கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு நூலை உள்ளே இழுத்து, தீக்குச்சித் துண்டில் முடிந்துவிடுங்கள். நூல் விறைப்பாக இருந்தால்தான் ஒலி போகும், சுவரில் உரசினால் நின்றுவிடும். சமையலறைக்கும் கூடாரத்துக்கும் இணைப்புக் கொடுத்தால் அடுத்த பஜ்ஜிக்கான உத்தரவு அதில்தான் வரும்.

சண்டையும் திரையும்

சண்டை வரும். மாலை நான்கு மணியும் ஆறு மணியும் பெரும்பாலும் மோசமான நேரங்கள், ஒன்று பசியால், இன்னொன்று களைப்பால். யார் முதலில் தொடங்கியது என்ற விசாரணையில் இறங்காதீர்கள், தீர்ப்பு சொல்லும்போது மணி ஏழாகிவிடும். ஒருவனை உங்களோடு வைத்துக்கொண்டு மற்றவனை வேறு அறைக்கு ஒரு வேலையாக அனுப்புங்கள். தண்டனையாக இல்லாமல் வேலையாகவே இருக்கட்டும், செருப்புகளை ஜோடி சேர்ப்பது போல. ஒரே அறையில் பத்து மணி நேரம் இருந்தால் பெரியவர்களே முறைத்துக்கொள்வோம்.

நாள் நடுவே ஒரு முறையாவது எதுவும் ஏற்பாடு செய்யாமல் விடுங்கள். பொழுது போகவில்லை என்று வந்து நிற்பார்கள். நீங்கள் துணி மடித்துக்கொண்டே சரி என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் தரையில் உருள்வார்கள், பிறகு அவர்களாகவே ஏதாவது தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் துணிக் கிளிப்புகளைக் கோத்து டைனோசர் செய்யும் வழக்கம் அப்படி ஒரு சும்மா இருந்த மதியத்தில் பிறந்ததுதான்.

தொலைக்காட்சியும் கைப்பேசியும் முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது என்பதில்தான் கண்டிப்பு. காலையில் கொடுத்தால் அன்று முழுவதும் அதற்கான பேரம் ஓயாது. மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு படம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்சாரம் போகும் வாய்ப்பு இருக்கிற நாளில் கைப்பேசியில் சார்ஜ் மிச்சம் இருப்பது அவசரத்துக்கும் உதவும்.

படத்துக்குப் பிறகு வெந்நீர்க் குளியல், சூடான ரசம் சாதம். குளித்த பிறகு மறுபடி குதிக்கும் ஆட்டம் எதையும் தொடங்காதீர்கள். மெத்தையை அவர்களையே திரும்பக் கட்டிலில் ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியபோது இருந்த உற்சாகம் இருக்காது, இருந்தாலும் செய்வார்கள்.

செப்டம்பரிலேயே எடுத்து வைக்க ஒரு பெட்டி

மழை கொட்டும்போது கடைக்கு ஓட முடியாது. ஓர் அட்டைப் பெட்டியில் இவற்றைப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், மழை நாளில் மட்டும் இறக்குங்கள்: அகலமான காகித டேப், சாக்பீஸ், ஜோடி இல்லாத சாக்ஸ், நூல்கண்டு, காகிதக் கோப்பைகள், பழைய செய்தித்தாள், ஈர்க்குச்சிக் கட்டு, புளியங்கொட்டை, துணிக் கிளிப், அளவு நாடா, மாற்று பேட்டரியோடு இரண்டு டார்ச், பக்க எண் அழியாத ஒரு தடித்த புத்தகம். காகித டேப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம், உரித்தால் தரையில் பசை நிற்காது. பிளாஸ்டிக் டேப்பை ஒட்டினால் தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது மண்ணெண்ணெய் தேட வேண்டியிருக்கும். டேப்பை மட்டும் இரண்டு சுருளாக வாங்குங்கள், ஒன்றைப் பையன்கள் கண்ணில் காட்டாதீர்கள்.